ஸ்கூட்டா, மிடில் ஸ்கூட்டா, கடைசிவரை ஆட்டமா?

பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு யாரிடம் யோசனை கேட்டாலும், எந்தச் சீட்டை இறக்குவது, ஜோக்கரை எங்கே செருகுவது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதுவும் தெரிய வேண்டியதுதான். ஆனால் நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கும் பாயிண்ட் கொட்டுவது வேறு இடத்தில். கையைப் பிரித்து அடுக்கிய அந்த முதல் அரை நிமிடத்தில், ஆடுவதா விடுவதா என்று எடுக்கிற முடிவில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

வழி மூன்று. பாயிண்ட் என்பது இங்கே தோற்றவர் கணக்கில் ஏறும் சுமை, ஜெயித்தவருக்குப் பூஜ்யம். முதல் சீட்டை எடுக்கும் முன்பே கையை மடக்கி வைத்தால் 20 பாயிண்ட்; இதைத்தான் ஸ்கூட் என்கிறோம், டிராப் என்றும் சொல்வதுண்டு. ஒரு சுற்றாவது ஆடிவிட்டு விட்டால் 40, அது மிடில் ஸ்கூட். கடைசிவரை நின்று தோற்றால் கையில் சேராமல் இருப்பது அத்தனையும், அதிகபட்சம் 80. 201 ஆட்டத்தில் ஸ்கூட் 25, மிடில் 50 என்று மாறும். நான் இங்கே 101 ஆட்டத்தை வைத்தே பேசுகிறேன், அதாவது கணக்கு 101-ஐத் தொட்டவர் வெளியே. இரண்டு கட்டு, கட்டுக்கு ஓர் அச்சு ஜோக்கர், ஆக 106 சீட்டு.

பணத்தைப் பற்றி இதில் பேச்சே இல்லை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்னது உண்மை. ஆனால் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. பாயிண்டை வைத்துப் பேசினாலே கணக்கு புரிந்துவிடும்.

80 என்ற வரம்பு எதற்கு?

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நான்குக்கும் பத்துப் பத்து. மற்றவற்றுக்கு அதனதன் எண். ஜோக்கரை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு சீட்டின் சராசரி மதிப்பு ஏழேகால். பதின்மூன்று சீட்டுக்கு 94. அதாவது எதுவுமே சேராத சாதாரணக் கை 80-ஐத் தாண்டித்தான் நிற்கும். வரம்பு நமக்குச் செய்யும் சலுகை.

சரி, ஒரு பியூர் சீக்வென்ஸ், அதாவது ஜோக்கர் உதவியில்லாமல் ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று சீட்டு, சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்த நிமிடமே மூச்சு விடுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்று சீட்டுதான் பூஜ்யமாகியிருக்கிறது, மீதி பத்துச் சீட்டுக்குச் சராசரியாக 72. இரண்டாவது சீக்வென்ஸும் (இதில் ஜோக்கர் இருக்கலாம்) சேர்ந்த பிறகுதான் செட்டுகள், அதாவது வெவ்வேறு இனத்தில் ஒரே எண் சீட்டுகள், செல்லும். அதுவரை மூன்று ராஜாவை அழகாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அது 30 பாயிண்ட் சுமை. இரண்டு சீக்வென்ஸும் ஒரு செட்டும் இருந்தால் மீதி நான்கு சீட்டு, சராசரி 29. ஆக 94, 72, 29. கை உண்மையில் காப்பாற்றப்படுவது இரண்டாவது சீக்வென்ஸில்தான். பெரும்பாலான மேசைகளில் இதுதான் விதி. சில வீட்டு ஆட்டங்களில் இரண்டாவது இல்லையென்றால் பியூரையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். உட்காரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு கைகள்

திருப்பிப் போட்ட சீட்டு 4 என்று வைப்போம்; அப்போது எல்லா 4-ம் ஜோக்கர், எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் செல்லும். முதல் கை இது: ஓர் அச்சு ஜோக்கர், கிளாவர் 4, இஸ்பேட் ராஜா, டைமன் ராஜா, ஹார்ட்டின் ராணி, கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் 9, டைமன் 9, ஹார்ட்டின் 8, கிளாவர் 7, டைமன் 6, இஸ்பேட் 5, ஹார்ட்டின் 2.

இரண்டு ஜோக்கர், ராஜா ஜோடி, ஒன்பது ஜோடி. பத்தில் எட்டுப் பேர் இதை வைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வோர் இனமாகப் பிரித்துப் பாருங்கள். இஸ்பேடில் ராஜா, 9, 5. டைமனில் ராஜா, 9, 6. ஹார்ட்டினில் ராணி, 8, 2. கிளாவரில் ஜாக்கி, 7, 4. அடுத்தடுத்து இரண்டு சீட்டு எங்குமே இல்லை. ஒன்று விட்டு ஒன்று கூட இல்லை. எந்த ஒரு சீட்டு வந்தாலும் பியூர் முடியாது. பொருத்தமாக இரண்டு வர வேண்டும். பியூர் இல்லாமல் இரண்டு ஜோக்கரும் வெறும் அலங்காரம். மொத்தம் 86, அதாவது ஃபுல் கவுண்ட், முழு 80.

இரண்டாவது கை: ஹார்ட்டின் 5, 6, 7. கிளாவர் 9, 10. டைமன் ஜாக்கி, ராஜா. இஸ்பேட் 6, 8. பிறகு இஸ்பேட் 3, டைமன் 3, கிளாவர் 2, ஹார்ட்டின் ஏஸ். ஜோக்கர் ஒன்றுகூட இல்லை. பியூர் வந்தே இருக்கிறது, ஆனாலும் இந்த நொடி யாராவது டிக்ளேர் செய்தால், அதாவது கையை முடித்துக் காட்டினால், 71 விழும்.

இதில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று எண்ணலாம். கிளாவர் 8 இரண்டு, ஜாக்கி இரண்டு, டைமன் ராணி இரண்டு, இஸ்பேட் 7 இரண்டு, நம் கையில் எதுவும் இல்லாததால் ஜோக்கர் ஒன்பது. பதினேழு சீட்டில் எது வந்தாலும் இரண்டாவது சீக்வென்ஸ் முடிகிறது. நம் கை, திருப்பிப் போட்ட ஜோக்கர், திறந்து கிடக்கும் முதல் சீட்டு மூன்றையும் கழித்தால் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 91. ஒரு தடவை எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. நான்கு தடவை எடுத்தால் பாதிக்குச் சற்று மேல்.

முதல் கையை யோசிக்காமல் மடக்கலாம். ஆறு பேர் உட்கார்ந்தாலும் மூன்று பேர் உட்கார்ந்தாலும் அதே பதில்தான். இரண்டாவது கையை இருவரோ மூவரோ ஆடும்போது தாராளமாக ஆடலாம். ஆறு பேர் என்றால் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஏனென்றால் நமக்கு நான்கு தடவை சீட்டு வருவதற்குள் மற்ற ஐந்து பேர் ஆளுக்கு நான்கு எடுத்திருப்பார்கள். அந்த ஹார்ட்டின் ஏஸ் இருந்த இடத்தில் ஒரு ஜோக்கர் வந்திருந்தால் கதையே வேறு. டைமன் ஜாக்கிக்கும் ராஜாவுக்கும் நடுவில் அதைச் செருகினால் மீதி 41தான். கிளாவர் 9, 10-உடன் செருகினாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். ஆனால் அந்த ஜோடிக்கு நான்கு சீட்டு காத்திருக்கிறது, ராஜா ஜாக்கிக்கு இரண்டு மட்டும். கிடைக்க அரிதான இடைவெளியில் ஜோக்கரை வைத்துவிட்டு, எளிதில் கிடைப்பதைத் திறந்து விடுவதுதான் லாபம்.

எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஆடலாம்?

ஜெயித்தால் பூஜ்யம், தோற்றால் சராசரியாக இவ்வளவு என்று ஒரு மதிப்பு வைத்துக்கொண்டால், 20 கொடுத்து விலகுவதை விட ஆடுவது எப்போது மேல் என்று சொல்லிவிடலாம். தோற்றால் 60 போகும் கை என்றால் மூன்றில் இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். 40 போகும் என்றால் பாதிக்குப் பாதி. 30 என்றால் மூன்றில் ஒன்று. 25 என்றால் ஐந்தில் ஒன்று போதும். நாம் ஜெயித்தால் மற்றவர்கள் கணக்கு ஏறுகிறது என்பதால் நிஜ எல்லை இதைவிடக் கொஞ்சம் தளர்வானது. ஆனாலும் இந்த நான்கு எண்கள் நினைவில் இருந்தால் போதும். இதிலிருந்து ஒன்று தெரிகிறது: ஆடலாமா என்ற கேள்விக்கு, ஜெயிப்போமா என்பதைப் போலவே எவ்வளவு குறைவாகத் தோற்போம் என்பதும் பதில் சொல்கிறது.

மிடில் ஸ்கூட் எனக்கு அதிகம் பிடிக்காத வழி. முதலில் விட்டிருந்தால் 20, இப்போது 40. ஒரு சுற்று வேடிக்கை பார்த்ததற்கு இருமடங்கு. "ரெண்டு சீட்டு பார்த்துட்டு விட்டுடலாம்" என்று ஆரம்பிப்பவர்கள் மாதக் கடைசியில் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அதிர்ந்துவிடுவார்கள். அதற்கும் ஓர் இடம் இல்லாமலில்லை. கையில் 80 அப்படியே நிற்கிறது, பியூருக்கு வழி இல்லை, எதிரில் ஒருவர் இரண்டு முறை திறந்த சீட்டை எடுத்து அடுக்கிவிட்டார் என்றால் விட்டுவிடலாம். ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் அங்கே தொடர்வது சரி. 60 நின்றால் மூன்றில் ஒன்று வேண்டும். கை 40-க்குக் கீழே இறங்கிவிட்டால் மிடில் ஸ்கூட்டை மறந்துவிடுங்கள், தோற்றாலே அதைவிட மலிவு. சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் 35 பாயிண்ட் கையை வைத்துக்கொண்டு பயத்தில் 40 கொடுத்து விலகுகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

மேலைநாட்டு ஜின் ரம்மியில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே விலகும் வழி இல்லை. சேராத சீட்டு 10 பாயிண்டோ அதற்குக் குறைவோ ஆனதும் தட்டி நிறுத்துவதா, முழுசாகச் சேரும்வரை இழுப்பதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். நம் ரம்மியில் கடினமான கேள்வி முதலிலேயே வந்து நிற்கிறது, கையில் தகவல் குறைவாக இருக்கும் நேரத்தில்.

தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை?

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் குப்பைக் கையை ஆடுகிறார்கள். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. லாபம் என்று வந்தால் மனிதர்கள் நிச்சயமானதைப் பிடித்துக்கொள்கிறார்கள்; நஷ்டம் என்று வந்தால் நிச்சயமான சிறு நஷ்டத்தை ஏற்க மனம் வராமல், பெரிய நஷ்டத்துக்கும் துணிந்து சூதாடுகிறார்கள். ஸ்கூட் என்பது அச்சு அசலாக அதே கேள்வி. 20 உறுதி; ஆடினால் 80 ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். மனசு இரண்டாவதைத்தான் கேட்கும்.

இதோடு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு கை தொடர்ந்து மடக்கினால் எதிரில் ஒருவர் "என்னப்பா, ஆட வந்தியா வேடிக்கை பார்க்க வந்தியா?" என்பார். மூன்றாவது கை எப்படி இருந்தாலும் கை தானாக அடுக்க ஆரம்பித்துவிடும். தப்பு நடப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது கையில்தான். முந்தைய இரண்டு கைக்கும் இந்தக் கைக்கும் எந்த உறவும் இல்லை. கலைத்துப் போட்ட சீட்டுக்கு நாம் பொறுமையாக இருந்தது தெரியாது.

இன்னொரு கெட்ட பழக்கம், ஸ்கூட் செய்துவிட்டு நமக்கு வந்திருக்க வேண்டிய சீட்டை எடுத்துப் பார்ப்பது. ஜோக்கர் வந்திருந்தால் "ஐயோ விட்டுட்டேனே" என்று மனசு குறித்துக்கொள்ளும். குப்பை வந்திருந்தால் மறந்துவிடும். பத்து நாளில் ஸ்கூட் என்றாலே நஷ்டம் என்ற எண்ணம் ஊறிவிடும். பார்க்காதீர்கள்.

அளவாக ஸ்கூட் செய்கிறவருக்கு ஒரு மறைமுக லாபமும் உண்டு. அவர் ஆட உட்கார்ந்தாலே மற்றவர்கள் உஷாராகி, சுமாரான கையை மடக்கிவிடுவார்கள். எதிரிகள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தால் அதே கையின் வாய்ப்பு கூடிவிடும். எல்லாக் கையையும் ஆடுகிறவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

ஆடுவது என்று முடிவான பின்

முதல் கேள்வி திறந்த சீட்டா, மூடிய கட்டா. திறந்த சீட்டை எடுத்தால் நம் கையில் ஒரு பகுதியை மேசையில் விரித்துக் காட்டியதற்குச் சமம். பியூரை முடிக்கும் சீட்டு என்றால் தயங்காமல் எடுங்கள், ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது சீக்வென்ஸ் முடியும் என்றாலும் அப்படியே. செட்டுக்காக, அதுவும் ஆரம்பத்தில், எடுப்பது அநேகமாக நஷ்டம். ஜோடியாக இருக்கும் இரண்டு 9-க்கு இன்னும் நான்கு சீட்டு உதவும், அடுத்தடுத்த இரண்டு சீட்டுக்கும் அதே நான்குதான், எண்ணிக்கையில் சமம். ஆனால் செட் ஒருபோதும் பியூர் ஆகாது.

இறக்குவதில் பெரிய சீட்டை முதலில் தள்ளு என்பார்கள். பொதுவாகச் சரிதான். சேராத ராஜாவும் ஏஸும் போகட்டும். ராணி, ராஜா ஒரே இனத்தில் சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று சுற்று வைத்துப் பார்க்கலாம். ஜாக்கியும் உதவும், ஏஸும் உதவும். எல்லோரும் அவசரமாகப் பெரிய சீட்டைத் தள்ளும் நேரத்தில் அவை திறந்த சீட்டாகவே வந்து விழும். ஏஸ், ராஜா ஜோடிக்கு இந்தப் பொறுமை வேண்டாம். ராணி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் ஜோடி அது.

எதிராளிக்கு உதவாத சீட்டை இறக்க விரும்பினால் ஜோக்கரின் பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஜோக்கர் 7 என்றால் 6, 8 இரண்டையும் ஓரளவு தைரியமாக இறக்கலாம். 6 சேரக்கூடிய மூன்று சீக்வென்ஸில் இரண்டுக்கு 7 வேண்டும். 7 வைத்திருப்பவர் அதை ஜோக்கராகத்தான் வைத்திருப்பார். அதேபோல ஹார்ட்டின் 8 இரண்டுமே நம் கையில் இருந்தால் ஹார்ட்டின் 9-ஐ எடுத்து யாரும் பெரிதாகச் சாதிக்க முடியாது. டூப்ளிகேட் நமக்கு உதவாது என்று உடனே தள்ளாமல், அது எந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கலாம்.

தூண்டில் போடுவது ஒன்று இருக்கிறது. நமக்கு ஹார்ட்டின் 8 வேண்டும். கையில் உதவாமல் இருக்கும் இஸ்பேட் 8-ஐ இறக்குவோம். 'இவருக்கு எட்டு வேண்டாம் போல' என்று எதிராளி தன் எட்டையும் இறக்குவார். கேட்க நன்றாக இருக்கும். நாம் என்ன இறக்குகிறோம் என்று கவனிக்கிறவரிடம்தான் இது பலிக்கும். தன் கையை மட்டும் பார்த்து ஆடுகிற புதியவருக்குத் தூண்டில் போட்டால் ஒரு சுற்று வீண். ரொம்பத் தேர்ந்தவரோ அதைத் தூண்டில் என்று கண்டுபிடித்து, எட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நடுத்தர ஆட்டக்காரருக்கான வித்தை அது. ஆளைத் தெரியாத மேசையில் நேராக ஆடுவதே மேல். வேண்டாத சீட்டை, வேண்டாம் என்பதாலேயே இறக்கினால் போதும்.

கணக்கு ஏறிய பிறகு

மேலே சொன்னது எல்லாம் பூஜ்யத்தில் நிற்பவருக்கு. 101 ஆட்டத்தில் 81 ஆகிவிட்டால் ஸ்கூட் என்ற வழியே கிடையாது, 20 சேர்ந்தால் வெளியே. அங்கே இரண்டு வழிதான்: ஜெயிப்பது, அல்லது மிச்சமுள்ள இடத்துக்குள் தோற்பது. 85-ல் இருப்பவர் 15 பாயிண்டுக்குள் தோற்றால் பிழைத்தார். ஆகவே முதல் சுற்றிலிருந்தே பெரிய சீட்டு எதையும் காத்திருக்கவிடாமல் தள்ளி, கையை இலேசாக்குவதுதான் அவர் வேலை. ராணிக்காக ராஜாவையும் ஜாக்கியையும் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது.

எதிராளி 90-ல் நிற்கிறார், நாம் 30-ல் என்றால் நமக்கு அவசரமே இல்லை. அவரை வெளியேற்ற நாமே ஜெயிக்க வேண்டியதில்லை, யார் ஜெயித்தாலும் போதும். சுமாரான கையை மடக்கி 50-க்குப் போவது அங்கே சரியான ஆட்டம்.

எல்லாவற்றிலும் சிக்கலான எண் 78. ஸ்கூட் செய்ய இடம் இருக்கிறது, செய்தால் 98. கேட்க வசதியாக இருக்கும், ஆனால் 98-ல் உட்கார்ந்தால் அடுத்த கையில் 2 பாயிண்டுக்கு மேல் தோற்கவே முடியாது, அதாவது ஜெயித்தே ஆக வேண்டும். இப்போதோ 22 பாயிண்ட் இடம் கையில் இருக்கிறது. எனவே 78-ல் இருக்கும்போது, இந்தக் கையை நாலைந்து சுற்றில் 22-க்குக் கீழே இறக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். பியூர் இருக்கிறது, இரண்டாவது சீக்வென்ஸுக்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கிறது, மற்றவை சின்னச் சீட்டு என்றால் சுமாரான கையாக இருந்தாலும் ஆடிவிடலாம். பியூரே இல்லையென்றால் 98-க்குப் போங்கள். வேறு நல்ல கை வருமா என்று இன்னொரு முறை பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பின் விலை அந்த 20.